கரம் போர்டைச் சுற்றி ஒரு கம்பி

அடியேய், முந்தநாள் நம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி பழைய மூன்று பாண்ட் ரேடியோ ஒன்றின் படத்தைப் போட்டு, இதெல்லாம் ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். எல்லாரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். ஒருத்தியும் ஒரு கதை சொல்லவில்லை. எனக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி நடப்பதும், தேத்தண்ணி போட்டுக் குடிக்காமல் வைப்பதும், திரும்ப அந்தப் படத்தைப் பார்ப்பதும். முழங்கால் சத்தம் போடுகிற வயதிலும் எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. எட்டாம் வகுப்பில் ரீச்சர் என்னை வாங்கின் நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் உங்களில் இரண்டு பேரைக் காவல் போட்டது நினைவிருக்கும். அந்த வருடத்துக் கதைதான்.

சண்டைக் காலம். பாண் வாங்கப் போன அண்ணன்மாரைத் தேடி பொலிஸ் ஸ்டேஷனுக்கு அலைந்த வீடுகள் நம் வீடுகள், அதை நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி அனெக்ஸ் ஒன்றில் இருந்தோம். ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு குசினி. ரெயில் போனால் சுவரில் மாட்டியதெல்லாம் ஆடும். அம்மா, அண்ணா, நான். அப்பா வன்னியில். நீர்ப்பாசன வேலை, குளக்கட்டு, மதகு, வாய்க்கால் என்று திரிகிற உத்தியோகம். நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நின்றார். "ரெண்டு மாசத்தில வாறன்" என்று சொல்லிப் போனார். அவர் போய் மூன்றாவது கிழமை பாதையைப் பூட்டினார்கள். போன் முன்பே இல்லை. இப்போது தபாலும் இல்லை.

நாலு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் ஒரு கன்னியாஸ்திரி எழுதிய துண்டுக் கடிதம், யார் யாரோ கை மாறி, கசங்கி வந்து சேர்ந்தது. உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், எங்கள் மடத்துக்கு வந்து வானொலிக்கு ஒரு செய்தி எழுதித் தந்தார், அது வெளியே போய்விட்டது, எந்தக் கிழமை வாசிப்பார்கள் என்று தெரியாது. அவ்வளவுதான்.

அந்த வானொலி கிழக்கே எங்கேயோ கடல் தாண்டி இருந்த ஒரு கத்தோலிக்க நிலையம். சிற்றலையில் தமிழும் வரும். சனிக்கிழமை இரவு ஏழே காலுக்குப் பதினைந்து நிமிடம், துண்டுபட்ட இடங்களில் இருந்தவர்கள் தங்கள் ஆட்களுக்கு எழுதியதை ஒரு பெண் நிதானமாக வாசிப்பார். ஒருமுறை வாசித்தால் சரி. திரும்ப வாசிக்க மாட்டார். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

எங்களிடம் ரேடியோ இருந்தது. கேட்கத்தான் முடியவில்லை. கொங்கிரீட் வீடு, ஏரியலை இழுத்தால் கண்ணாடிப் பேப்பரைக் கசக்குகிற சத்தம், அதற்குள் யாரோ தண்ணீருக்குள் இருந்து கதைக்கிற மாதிரி ஒரு குரல். அண்ணா முதல் சனிக்கிழமையே உடுப்புக் காயப்போடும் கொடியோடு சேர்த்து ஒரு கம்பியை பல்கனியில் இருந்து எதிர்மரத்துக்கு இழுத்தான். அம்மா தோசைக்கரண்டியோடு ஓடி வந்தார்.

"கழட்டடா அதை! தமிழ் வீட்டில இருந்து வயர் தொங்குது எண்டா சும்மா விடுவாங்களே? உன்னைத்தான் முதல் ஜீப்பில ஏத்துவாங்கள்."

"அம்மா, இது கேக்கிற வயர். கதைக்கிற வயர் இல்ல."

"அதை ஸ்டேஷன்ல போய் விளங்கப்படுத்து."

அண்ணாவுக்கு அப்போது பதினெட்டு. உயர்தரச் சோதனை எழுதுகிற வருடம். மீசையைப் பார்த்தாலே ஜீப் நிற்கிற வயது. அவன் கழற்றினான்.

இங்கேதான் நான் உள்ளே வந்தேன். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் நான் பாட்டுப் புத்தகத்துக்காகப் போய், அட்டை இல்லாத ஆங்கில ரேடியோ சஞ்சிகை ஒன்றோடு திரும்பி வந்திருந்தேன். அதில் ஒரு பக்கம்: வெளியே கம்பி கட்ட முடியாதவர்களுக்கு, வீட்டுக்குள்ளேயே வைக்கிற ஏரியல். சதுரமான மரச்சட்டம், அதைச் சுற்றி எனாமல் கம்பி, இரண்டு நுனிக்கும் நடுவில் ரேடியோவில் நிலையம் பிடிக்கிற சுழல் கொண்டென்சர் ஒன்று. கொண்டென்சரைத் திருப்பினால் அந்தச் சட்டம் நமக்கு வேண்டிய அலைக்கு இசையும். அதோடு, சட்டத்தையே ஆளைத் திருப்புகிற மாதிரித் திருப்பலாம். எழுதியவர் பாவம், தன் வீட்டுச் சொந்தக்காரி கம்பி கட்ட விடவில்லை என்று அழுதிருந்தார். எங்கள் வீட்டுச் சொந்தக்காரி பரவாயில்லை. எங்களுக்குப் பிரச்சினை அரசாங்கம்.

மரச்சட்டத்துக்கு எங்கே போவது? ஹோல் சுவரில் சாத்தி இருந்தது அண்ணா காய் சுண்டி விளையாடும் கரம் போர்ட். சதுரம், காய்ந்த மரம், நல்ல அகலம். அதோடு யார் வந்து பார்த்தாலும் அது கரம் போர்ட். கொழும்பில் கரம் போர்ட் இல்லாத வீட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"தொட்டாய் எண்டா கையை முறிப்பன்," என்றான் அண்ணா.

"அப்பாவை விட கரம் பெரிசோ?"

"இப்பிடிக் கதைச்சே எல்லாத்தையும் எடு. போன வருஷம் என்ர கல்குலேற்றர். அதுக்கு முதல் மணிக்கூடு. நீ திறந்த சாமான் ஒண்டாவது திரும்ப ஓடினதோ?"

ஓடவில்லை. ஆனால் போர்டைத் தந்தான்.

சந்தைக்குப் பின்னால் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற பாஸ் ஒருவர் மிச்சக் கம்பி உருண்டை ஒன்று தந்தார். கொண்டென்சர்தான் கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில், அப்பாவின் அக்கா அவர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து செத்துப்போன மாமாவின் பெரிய வால்வு ரேடியோ ஒன்று, மேலே லேஸ் துணி போட்டு, அதற்கு மேலே அந்தோனியார் சிலை வைத்து, இருபது வருடமாக ஊமையாக நின்றது. மட்டக்குளி பஸ் பிடித்துப் போனேன். மாமி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தோனியாரைப் பக்குவமாகக் கதிரையில் வைத்து, ரேடியோவின் பின்பக்க மட்டையை மேசைக்கத்தியால் நெம்பினேன். உள்ளே தூசிக்குள், விசிறி மாதிரித் தகடு தகடாக, என்ன வடிவான கொண்டென்சர்! இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று முட்டாமல் நுழைந்து வெளியே வரும். பட்டுப் போல.

"ஸ்க்ரூ டிரைவர் மேசை லாச்சில கிடக்கு," என்றது குசினிக் குரல். "கத்தியால பலகையைக் கீறாத."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"மாமி, நான் சும்மா..."

"உன்ர சும்மாவைத் தெரியும். நீ வந்தோடன சாப்பாடு கேக்கேல்ல. அப்பவே விளங்கிட்டுது." மாமி செதிள் கையோடு வாசலில் வந்து நின்றார். "எடுத்துக்கொண்டு போ. ஆனா என்ர தம்பியின்ர பேர் வந்தா முதல் எனக்குச் சொல்ல வேணும். கொம்மாவுக்குப் பிறகு இல்ல. முதல்."

கம்பியைச் சுற்றினேன். சஞ்சிகையில் இருபத்தைந்து சுற்று என்று இருந்தது, இருபத்தைந்து சுற்றினேன். இரண்டு நாள் பின்னேரம், விரல் வெட்டுப்பட்டு. ரேடியோவின் ஏரியலில் ஒரு கிளிப்பால் கொளுவி, கொண்டென்சரைத் திருப்பினால், சத்தமே இல்லை. அண்ணா கட்டிலில் கிடந்து கை தட்டினான். திரும்பப் பக்கத்தைப் படித்தால், அது நெட்டலைக்கான கணக்கு. ஐரோப்பாக்காரர் கேட்கிற அலை. நம் பக்கத்தில் அதில் காகம் கூடக் கத்தாது.

பதினைந்து சுற்றைக் கழற்றினேன். மத்திய அலை பீறிட்டுக்கொண்டு வந்தது, இந்தியாவின் சினிமாப் பாட்டு வீட்டை உடைத்தது. அம்மா, "காணும், காணும்" என்று காதைப் பொத்தினார். இன்னும் கழற்றினேன். ஐந்து. மூன்று. கம்பி கூடக் கூட நல்லாகக் கேட்கும் என்று நினைத்திருந்தவள் நான்; சிற்றலைக்குக் கடைசியில் வேண்டியிருந்தது ஒரே ஒரு சுற்று. போர்டைச் சுற்றி ஒரு கம்பி. பின்பக்கம் மாமியின் கொண்டென்சர். கையைக் கிட்டக் கொண்டுபோனாலே நிலையம் வழுவிப் போனதால், பழைய பல்துலக்கி ஒன்றை வெட்டி, உருக்கி, கொண்டென்சரின் தண்டில் ஒட்டி, தூர நின்று திருப்பினேன். பெரிய இஞ்சினியர் என்ற எண்ணம் தலைக்குள் ஏறிவிட்டது.

அம்மாவுக்குப் போர்டை வைக்கிற திசைதான் பிரச்சினை.

"வடக்குப் பக்கம் திருப்பு."

"ஏன் வடக்கு? ஸ்டேஷன் கிழக்கில."

"அப்பா வடக்கிலதானே நிக்கிறார்."

"அம்மா, அப்பா கத்துறது கேக்கிறதுக்கோ இது?"

"வாய் காட்டாமத் திருப்படி."

திருப்பினேன். அம்மா தன் பங்குக்கு ஒரு நேர்த்தியும் வைத்திருந்தார்: செய்தி வர வேண்டுமென்று ஒன்பது சனிக்கிழமை, அறைக்குள் இருந்த திருஇருதயப் படத்துக்கு முன்னால் அந்தச் சின்னச் சிவப்பு மின்விளக்கைப் போட்டு, ஏழு மணிக்கு முழங்காலில் நிற்பது. மற்ற நாட்களில் அது எரியாது. மின்சாரக் கட்டணம் அப்படி. ரேடியோவை ஹோலில் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், சத்தம் திரைச்சீலைக்கு அப்பால் அவருக்குக் கேட்டால் போதும்.

நேர்த்தியின் முதல் சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்குச் சோதித்துப் பார்த்தபோது மணி மாதிரிக் கேட்டது, ஏழே காலுக்குக் கரகரவென்று ஒரே இரைச்சல். யாரோ எண்ணெயில் கடுகு போடுகிற மாதிரி. "...தாயாருக்கு... நாங்கள் இப்போது... பள்ளிக்கூடத்தில்..." அவ்வளவும் துண்டு துண்டு. நான் பல்துலக்கியைத் திருப்பித் திருப்பி வியர்த்தேன். பெயர் ஏதாவது நம்முடையதா என்று அறைக்குள் இருந்து அம்மா கேட்டார். இல்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது சனிக்கிழமை கரண்ட் இல்லை. ஒழுங்கை முழுக்க இருட்டு. அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். ரேடியோ பற்றரியில். அந்தப் பெண்ணின் குரல் பக்கத்துக் கதிரையில் இருந்து வாசிப்பது மாதிரி வந்தது, மூச்சு எடுப்பது கூட. பதினொரு செய்தி. எங்களுடையது இல்லை. ஆனால் நான் எழும்பித் துள்ளினேன்: பார்த்தீங்களா, நேற்று நான் கொண்டென்சர் தகட்டுக்குத் தூசி தட்டினேன், அதுதான்! அண்ணாவே முதுகில் தட்டினான். கரண்ட் இல்லாததையும் இதையும் சேர்த்து யோசிக்க எனக்கு மூளை இருந்தது, நேரம் இருக்கவில்லை. என்னைப் புகழ்வதில் மும்முரமாக இருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை கரண்ட் இருந்தது. இரைச்சலும் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சஞ்சிகையில் ஒரு வித்தை சொல்லியிருந்தார்கள். இந்தச் சதுர ஏரியலுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. போர்டின் விளிம்பை இரைச்சல் வருகிற திசைக்குக் காட்டினால் அது கத்தும். முகத்தை நேராகக் காட்டினால் செத்துப்போகும். ஆகவே திருப்பித் திருப்பிப் பார்த்து, இரைச்சல் சாகிற இடத்தில் முகம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் கள்ளன்.

அண்ணா ரேடியோவைப் பிடிக்க, நான் போர்டை இரண்டு கையாலும் தூக்கி, ஹோல் நடுவில் நின்று மெல்லச் சுழன்றேன். கரகர, கரகர, கரகர, சட்டென்று அமைதி. அந்த அமைதிக்குள் குரல் தெளிந்து வந்தது.

"விடு!" என்றான் அண்ணா. "அப்பிடியே நில்! கேக்குது!"

"பொறு, சரியான கோணம் எடுக்க வேணும்."

"கோணம் மயிர்! கேக்குது எண்டுறன், ஆடாத!"

நான் ஆடினேன். நிலத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டேன், திரும்பச் சுழன்றேன், திரும்பக் கோடு போட்டேன். மூன்று முறை. அளவு சரியாக இருக்க வேண்டுமல்லவா? கோடு நேராக எங்கள் யன்னலுக்கு ஊடாகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. கோட்டுக்கு இரண்டு முனை என்பதும், மறு முனை எங்கள் அறைத் திரைச்சீலைக்குப் போகிறது என்பதும் கண்ணில் பட்டதுதான். ஆனால் அடியேய், அந்தக் காலத்தில் நாங்கள் யாராவது பிழையை வீட்டுக்குள் தேடினோமா?

பக்கத்து வீட்டில் இருந்தவர் ரெயில்வேயில் சிக்னல் வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்கள அங்கிள். சாரம், பெனியன், எப்போதும் ஒரு பூச்சாடியைக் கழுவிக்கொண்டு. அம்மா அவரோடு சிரிப்பதோடு சரி. கதைக்க மாட்டார், எங்களையும் விட மாட்டார். ஞாயிறு பின்னேரம் அம்மா கடைக்குப் போன நேரம் நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"மொகத துவே?" என்ன மகள் என்றார்.

"அங்கிள், சனிக்கிழமை ஏழு மணிக்கு உங்கட வீட்டில என்ன போடுறீங்கள்? எங்கட ரேடியோ கேக்க ஏலாமக் கிடக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியும். வவுனியா லைனில் நிறைய வருடம் நின்றவர்.

"டீவி போடுற. லைட் போடுற. வேற ஒண்டும் இல்ல. என்ன ரேடியோ?"

"கோயில் ரேடியோ. அப்பாவின்ர பேர் வாசிப்பாங்கள்."

"அப்பா எங்க?"

சொன்னேன். சொல்லக்கூடாத எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னேன். அவர் பூச்சாடியைக் கீழே வைத்தார்.

"சரி. வாற சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் மெயின் சுவிட்ச் ஓஃப் பண்ணுற. அரை மணித்தியாலம். அப்ப பாருங்க."

அம்மா அறிந்ததும் அகப்பைக்காம்பு என் முதுகில் முறிந்தது. "ஊரெல்லாம் சொல்லிப்போட்டு வா! அப்பா வன்னியில, நாங்கள் ரேடியோ வச்சுக் கேக்கிறம் எண்டு!"

வியாழக்கிழமை காலை வீடு சோதிக்க வந்தார்கள். மூன்று பேர். அலுமாரி, கட்டிலுக்குக் கீழே, அரிசி வாளி. அண்ணாவின் அடையாள அட்டையை ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். இளவயதுக் கொன்ஸ்டபிள் ஒருவர் சுவரோடு சாத்தியிருந்த போர்டுக்குக் கிட்டப் போனார். கொண்டென்சர் சுவர்ப்பக்கம் இருந்தது. கம்பி மட்டும் விளிம்பில் மின்னியது. இந்த வயர் எதற்கு என்று கேட்டார்.

"கெடிலா, சேர். பெந்தலா தியென்னே," என்றான் அண்ணா. உடைந்துபோய்க் கட்டி வைத்திருக்கிறோம் என்று.  

கொன்ஸ்டபிள் போர்டின் பலகையை ஒரு விரலால் வழித்தார். "போரிக் பவுடர் போட வேணும்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சுண்டுகிற மாதிரி விரலை ஒருமுறை சுண்டி, போய்விட்டார்.

அம்மா கதவைப் பூட்டி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த மனுசன்தான். ஞாயிறு நீ போனாய், வியாழன் வந்திட்டாங்கள்."  அன்று ஒழுங்கையில் எல்லா வீட்டையும்தான் சோதித்தார்கள் என்று பிறகு தெரிந்தும், அம்மா அந்தக் கணக்கை மாற்றவில்லை. ரேடியோவைத் துணிக்குள் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தார்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பக்கத்து வீடு இருண்டது. எங்கள் வீட்டில், தெருவில், எல்லா இடத்திலும் வெளிச்சம். அந்த ஒரு வீடு மட்டும் இருட்டு. அங்கிள் ரோர்ச் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் வாசற்படியில் வந்து குந்தினார். மேலே பார்க்கவில்லை. அம்மா யன்னலில் நின்று அதைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு அரிசி வாளியைத் திறந்து, ரேடியோவை எடுத்து மேசையில் வைத்து, சிவப்பு விளக்கைப் போட அறைக்குள் போனார்.

போட்டேன். இரைச்சல் அப்படியே இருந்தது.

இருட்டில் ஒரு மனிதர் எங்களுக்காகக் குந்தியிருக்கிறார், கரகரவென்று அதே கடுகு. எனக்கு அழுகை வந்தது. அண்ணாவிடம் ரேடியோவைக் கொடுத்துப் பின்னால் வரச் சொல்லி, போர்டைத் தூக்கி, கோட்டின் மறு முனைப் பக்கம் நடந்தேன். கிட்டப் போகப் போக இரைச்சல் பெருத்தது. திரைச்சீலையை விலக்கினேன். அம்மா முழங்காலில், கண்ணை மூடி, செபமாலை விரலில். அவருக்கு மேலே சிவப்பு விளக்கு மெல்ல மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பை நாங்கள் எல்லோரும் எவ்வளவு வடிவு என்று சொல்வோம், உண்மையான சுடர் மாதிரி என்று. போர்டின் முகத்தை விளக்குக்கு நேராகக் காட்டினேன். இரைச்சல் செத்தது. விளிம்பைக் காட்டினேன். கத்தியது.

பல்ப் ஹோல்டருக்குள் லூஸ். உள்ளே பொறி பறந்துகொண்டிருந்தது.

எட்டி, பல்பை அரைச் சுற்று இறுக்கினேன். துடிப்பு நின்றது. ஹோலில் இருந்து அந்தப் பெண்ணின் குரல், கழுவி எடுத்த மாதிரி. "...இத்துடன் இன்றைய செய்திகள் முடிவடைகின்றன."

அம்மா கண் திறந்தார். "என்ன செய்யிறாய்?"

"லைட் ஆடினது. இறுக்கினனான்."

"ம்," என்று திரும்பக் கண்ணை மூடினார்.

கண்டுபிடித்துவிட்டேன்! நெஞ்சு வெடிக்கிற சந்தோஷம். இதை உடனே சொல்லக்கூடாது, அடுத்த நாள் பூசை முடிந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், மாமியும் வருவார் என்று வைத்துக்கொண்டேன். கரண்ட் இல்லாத அன்று ஏன் கேட்டது, நாலு மணிக்கு ஏன் கேட்டது, எல்லாவற்றையும் வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மூளைக்காரி.

உங்களில் கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளைகளுக்கு அந்தக் கோயில் முற்றம் தெரியும். ஞாயிறு பூசை முடிந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். முதல்நாள் ரேடியோவில் கேட்டதை ஆளுக்காள் பரிமாறுவார்கள். சிலர் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார்கள். தங்களுக்கு வராவிட்டாலும் மற்றவர்களுக்கு வந்ததை எழுதுவது அங்கே ஒரு கடமை மாதிரி. "மன்னார் ஆட்கள் ஆரும் நிக்கிறியளோ?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

மாமி வந்திருந்தார். நான் வாயைத் திறக்கப் போன நேரம், கிருலப்பனையில் இருந்து வருகிற ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் கொப்பியை விரித்தபடி அம்மாவிடம் வந்தார்.

"போன கிழமை வரேல்ல நான், பூட்டப்பிள்ளைக்குக் காய்ச்சல். அதுக்கு முதல்நாள் உங்களுக்கு வந்ததெல்லே? கேட்டிருப்பியள். எண்டாலும் எழுதினனான்."

அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "வாசியுங்கோ," என்றார்.

ரீச்சர் கண்ணாடியைச் சரி செய்து, பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். வெள்ளவத்தையில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். நான் நலம். மலேரியா வந்து மாறிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறை இல்லை. மூத்தவன் படிக்கட்டும், வெளியில் திரிய வேண்டாம். இளையவள் எதையும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளவும். அக்காவுக்கும் சொல்லவும். பாதை திறந்ததும் வருவேன்.

இளையவள் என்ற இடத்தில் மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

"பிறகு கடைசியா உங்களுக்கெண்டு தனிய ஒரு வசனம் சொன்னவர்," என்றார் ரீச்சர். "அந்த நேரம் பார்த்து இந்தப் பிள்ளை கத்தத் துவங்கிட்டுது. அதைத்தான் எழுத முடியேல்ல. நீங்கள் கேட்டிருப்பியள்தானே."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "அண்டைக்கு நாங்கள் ரேடியோ போட்டனாங்கள்தானே? ஏன் கேக்கேல்ல?"

அண்ணா நிலத்தைப் பார்த்தான். எனக்கு நாக்கின் நுனியில் அந்த விளக்கு இருந்தது. ஒரு இரவு முழுக்கப் பாடமாக்கி வைத்த அவ்வளவும் இருந்தது. அம்மாவின் கையில் இன்னும் செபமாலை.

"நான் போர்டைத் திருப்பிக்கொண்டு நிண்டனான்," என்றேன். "அண்ணா ஆடாத எண்டவன். நான் கேக்கேல்ல."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. நேரே நின்றிருந்தால் கேட்டிருக்கும்.

அம்மா அடிக்கவில்லை. மாமியிடம் செபமாலையைக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குள் போனார். யாரோடும் வலியப் பேசாத அம்மா ஒவ்வொரு கூட்டமாகப் போய், "போன சனிக்கு முதல் சனி, வெள்ளவத்தைக்கு வந்தது, கடைசி வசனம் ஆரும் கேட்டனீங்களோ?" என்று கேட்டார். ஒருவர் ஏதோ உடம்பைப் பற்றி என்றார். இன்னொருவர், இல்லை, கலியாண நாளைப் பற்றி என்றார். பிறகு அவரே, "அது வேற ஆருக்கோ" என்றார். அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும். சரியாகச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. நான் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நிற்காதவள், அந்தக் கிழமைகளில் அம்மா நின்ற இடமெல்லாம் நின்றேன்.

பக்கத்து வீட்டு அங்கிளுக்கு அம்மா ஒருநாள் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார். செய்தி கிடைத்தது என்று சொன்னாராம். அவர் திரும்பத் திரும்ப, "மெயின் சுவிட்ச் சரி வந்தது, இல்லையா?" என்று கேட்டாராம். ஓம் என்றாராம் அம்மா.

ஒன்றரை வருடம் கழித்து அப்பா வந்தார். கறுத்து, கன்னம் உள்ளே போய், ஒரு துணிப்பையோடு. மாமி கொட்டாஞ்சேனையில் இருந்து நண்டுக் கறியோடு ஓடி வந்தார். எல்லோரும் சுற்றி நிற்க அப்பா சாப்பிட்டார். பாதி சாப்பாட்டில் நிமிர்ந்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்.

"ரேடியோவில குடுத்தது வந்ததோ?"

"வந்தது," என்றார் அம்மா. "வடிவாக் கேட்டது."

"முழுக்க வாசிச்சவங்களோ?"

"ஓம்."

"கடைசில சொன்னதும்?"

அண்ணா என்னைப் பார்த்தான். நான் நண்டுச் சட்டியைப் பார்த்தேன்.

அம்மா தலையைக் குனிந்தார். முந்தானை நுனியை இழுத்து வாயருகில் பிடித்தார். "பிள்ளையளுக்கு முன்னால உதெல்லாம் கேக்கிறதே," என்றார்.

அப்பாவின் காது சிவந்தது. அந்தக் கறுத்த முகத்திலும் தெரிந்தது. குனிந்து, பெரிய பிடியாக ஒரு வாய்ச் சோறு வைத்தார். அம்மா இன்னும் தலை நிமிரவில்லை. அப்படி ஒரு வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவர் முகத்தில் கண்டதில்லை.